லினக்ஸ் போட்டதும் வைஃபை வரவில்லையா? போர்டை மாற்றும் முன் சிப்பின் எண்ணைப் பாருங்கள்

கேள்வி: பழைய லேப்டாப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை சில நேரம் வருகிறது, பல நேரம் பட்டியலே காலியாக இருக்கிறது. நெட்டில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். சர்வீஸ் கடையில் போர்டு போயிருக்கும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்:

போர்டு மாற்ற இப்போதைக்குத் தலையாட்டாதீர்கள். விண்டோஸில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வைஃபை கார்டு, லினக்ஸ் போட்ட அன்றைக்கே சரியாகச் சாவது அபூர்வம். சில நேரமாவது வைஃபை வருகிறது என்கிறீர்கள். அப்படியானால் கார்டுக்கு உயிர் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது "கிடைத்த கட்டளைகளை எல்லாம்" என்ற இடம்தான். அவற்றில் பாதி, டிரைவரை ஏற்றாதே என்று எங்காவது ஒரு ஃபைலில் எழுதிவைத்துவிட்டுப் போகும் ரகம். அந்த ஃபைல் அங்கேயே கிடந்து, நாளைக்குச் சரியான வழியைச் செய்தாலும் வேலை செய்ய விடாது. அதனால் முதலில் மின்ட் போட்ட அதே பென்டிரைவை மறுபடி செருகி, இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். அதில் வைஃபை நன்றாக வந்தால் கோளாறு லேப்டாப்பில் இல்லை, நீங்கள் போட்ட கட்டளைகளில் இருக்கிறது. அப்படியானால் இடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரைத் திறந்து, நீங்கள் புதிதாகச் சேர்த்ததை நீக்கினாலே பாதி வேலை முடிந்தது.

லைவிலும் வரவில்லையா? சரி, அடுத்தது. பலரும் லேப்டாப் மாடலின் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். அதில் பெரிய பயன் இல்லை. ஒரே மாடல் லேப்டாப்பில் ஒரு முறை இன்டெல் கார்டு வரும், அடுத்த லாட்டில் ரியல்டெக் வரும், இன்னொன்றில் மீடியாடெக் வரும். பக்கத்து வீட்டு லேப்டாப்பில் வேலை செய்த வழி உங்களுடையதில் வேலை செய்யாததற்கு இதுதான் காரணம். தேட வேண்டியது சிப்பின் எண்ணை.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை, பின்னால் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறியும் என்என்கே என்ற எழுத்துகளும் சேர்த்து அடியுங்கள், எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில். நீளமாகப் பட்டியல் கொட்டும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வரும் இடத்தில் சதுர அடைப்புக்குள், நடுவில் முக்காற்புள்ளி வைத்து நான்கு நான்கு இலக்கமாக ஓர் எண் இருக்கும். முன்பாதி கம்பெனி, பின்பாதி சிப். இன்டெல் என்றால் 8086 என்று தொடங்கும். பழைய பிராசஸரின் எண்ணையே அடையாள எண்ணாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்! ரியல்டெக் 10இசி, பிராட்காம் 14இ4.

அந்த எண்ணுக்குக் கீழே "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் நோய் தெரிவது அந்த ஒரு வரியில்தான். கார்டே பட்டியலில் இல்லை என்றால் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) அணைந்திருக்கலாம், அல்லது கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை (யூஎஸ்பி டாங்கிளாக இருந்தால் இந்தப் பட்டியலில் வராது, அதற்கு எல்எஸ்யூஎஸ்பி). கார்டு இருக்கிறது, அந்த வரி இல்லை என்றால் டிரைவர் இல்லை. இரண்டும் இருந்தும் வைஃபை இல்லை என்றால் ஃபர்ம்வேர், அல்லது ஏரோப்ளேன் மோட் சமாச்சாரம்.

ஃபர்ம்வேர் என்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஓடுவதல்ல, சிப்புக்குள் ஓடும் சின்ன நிரல். டிரைவர் அதை டிஸ்கிலிருந்து எடுத்து சிப்புக்குக் கொடுக்கும். கிடைக்காவிட்டால் டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையின் வெளியீட்டில் எந்த ஃபைல் கிடைக்கவில்லை என்று பெயரோடு புலம்பியிருக்கும். மின்ட், உபுண்டு இரண்டிலும் பெரும்பாலானவை கூடவே வந்துவிடும். டெபியன் என்ற லினக்ஸில் இது நெடுங்காலத் தலைவலியாக இருந்தது. திறந்த மூலம் இல்லாத ஃபர்ம்வேரை அவர்கள் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமல் இருந்தார்கள். 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி முடிவை மாற்றி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பில்தான் உள்ளே வைத்தார்கள்.

பிராட்காம் என்றால் மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் போதும், பட்டியலில் காட்டும். ஆனால் அதை இறக்க இணையம் வேண்டுமே? ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட்டுக்குப் பதில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை ஒரு ஒயர் இணைப்பாக எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதையே பகிரும், டேட்டாவும் செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரி தனியாக டிரைவர் போடும்போது செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத நிரலை ஏற்றவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது கீயை அழுத்து என்று பத்து நொடி எண்ணும். பலர் காபி எடுக்கப் போய் இதைத் தவறவிடுகிறார்கள். தானாக உள்ளே பூட் ஆகிவிடும், டிரைவர் இன்ஸ்டால் ஆனதாகவே காட்டும், ஆனால் கெர்னல் அதை ஏற்காது. அந்த பத்து நொடிக்குள் ஒரு கீயைத் தட்டி, என்ரோல் மோக் என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அல்லது பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள்.

ஏரோப்ளேன் மோட் சமாச்சாரத்துக்கு, ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று அடித்தால் சாஃப்ட் பிளாக், ஹார்ட் பிளாக் என்று இரண்டு வரி காட்டும். சாஃப்ட் வரியில் யெஸ் என்றால் அதே கட்டளையில் அன்பிளாக் போட்டு எடுத்துவிடலாம். ஹார்ட் வரியில் யெஸ் என்றால் பக்கவாட்டில் சுவிட்சோ விமான பொத்தானோ இருக்கிறதா என்று தேடுங்கள். சில பழைய லெனோவா ஐடியாபேட்களில் சுவிட்சே இருக்காது, ஆனாலும் ஹார்ட் பிளாக் காட்டும். அங்கே ஐடியாபேட்_லேப்டாப் என்ற மாட்யூல் (கெர்னல் ஏற்றும் டிரைவர் துண்டு), இல்லாத சுவிட்சைப் படித்துக்கொண்டிருக்கும். அந்த மாட்யூலை நிறுத்தினால் வைஃபை வந்துவிடும்.

இனி உங்கள் அறிகுறிக்கு வருகிறேன். சில நேரம் வருகிறது, பல நேரம் பட்டியல் காலி. ரூட்டருக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்தால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது ஆன்டெனாவை. வைஃபை கார்டில் பொதுவாக ஆன்டெனா ஒயர் மாட்ட இரண்டு குட்டி வட்டப் பொருத்திகள் இருக்கும். மலிவு லேப்டாப்கள் சிலவற்றில் காசு மிச்சம் பிடிக்க ஒரே ஒயரைத்தான் மாட்டி அனுப்புகிறார்கள். எங்கள் வீட்டு லேப்டாப் ஒன்றின் பின்மூடியைக் கழற்றியபோது, ஒரு பொருத்தியில் கறுப்பு ஒயர், மற்றொன்று மொட்டையாக நின்றது. விண்டோஸ் டிரைவருக்கு எந்தப் பக்கம் ஒயர் இருக்கிறது என்று சொல்லி வைத்திருப்பார்கள். லினக்ஸ் டிரைவர் மொட்டைப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டிருக்கும்.

ரியல்டெக் 8723பிஇ சிப்பில் இது பேர்பெற்ற சங்கதி. அதன் டிரைவரிலேயே ஆன்ட்_செல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் ஒரு ஃபைல் போட்டு அதில் மதிப்பை 1 என்றோ 2 என்றோ எழுதி ரீஸ்டார்ட் செய்தால் போதும். எது சரி என்பது ஒயர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது, இரண்டையும் முயன்று பாருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஐடபிள்யூ கட்டளையில் சிக்னலைப் பாருங்கள், மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 45 என்றால் அருமை, 70 என்றால் ஓட்டலாம், 85-ஐத் தாண்டினால் பட்டியலில் வருவதும் போவதுமாக இருக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்து 80 சட்டென்று 50 ஆனால் வேலை முடிந்தது.

சிக்னல் நன்றாக இருந்தும் சும்மா இருக்கும்போது அறுந்தால் அது மின்சேமிப்பு. நெட்வொர்க்மேனேஜரின் கான்ஃப்.டி ஃபோல்டரில் வைஃபை-பவர்சேவ் என்று பெயரில் வரும் ஃபைலில் மதிப்பு 3 என்று இருக்கும், 2 ஆக்குங்கள்.

பழைய லேப்டாப் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் முதலில் மூலையில் தேதியைப் பாருங்கள். போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும், சான்றிதழ் செல்லாது என்று எல்லாத் தளமும் கதவைச் சாத்தும். நிறைய லேப்டாப்களில் அது சிஆர்2032, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி சரியாக இருந்தால் 8.8.8.8-க்கு பிங் போடுங்கள். அது போய், தளத்தின் பெயரில் போட்டால் போகவில்லை என்றால், பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மட்டும்தான் பிரச்சினை.

இத்தனைக்கும் மசியாவிட்டால் கார்டை மாற்றலாம், போர்டை அல்ல. ஆனால் சில லேப்டாப்களில் பயாஸ் தனக்குத் தெரிந்த கார்டை மட்டும்தான் ஏற்கும், அதை மட்டும் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். எம்.2 ஸ்லாட் இருந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 நல்ல தேர்வு, கெர்னல் 5.10 முதல் தானாகவே எடுத்துக்கொள்ளும். கடையில் ஏஎக்ஸ்211-ஐயும் அதேதான் என்று கொடுப்பார்கள், வாங்காதீர்கள். அதன் பாதி வேலை புதிய இன்டெல் பிராசஸர்களுக்குள் இருக்கிறது, உங்கள் பழைய லேப்டாப்பில் கண்டுகொள்ளவே படாது. ஸ்லாட் இன்னும் பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ரகமாக இருந்தால் ஒயர் முனையின் அளவும் வேறு, எம்.2 கார்டில் பொருந்தாது. அந்த நிலையில் லினக்ஸ் டிரைவர் கெர்னலிலேயே இருக்கும் சிப் கொண்ட யூஎஸ்பி டாங்கிள் ஒன்றை வாங்கிச் செருகிவிடுவதே மலிவு.