கம்பியும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் புடவைக் கடைக்கு 031-இல் தொடங்கும் பழைய டர்பன் எண். அதை இணையவழித் தொலைபேசி நிறுவனம் ஒன்றுக்கு மாற்றக் கொடுத்தோம். தீபாவளி வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் கடைக்கு அழைப்பே வரவில்லை. பழைய நிறுவனம் புதியதைக் கை காட்டுகிறது, புதியது பழையதை. யார் சொல்வதை நம்புவது?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இருவரையும் நம்ப வேண்டாம் அம்மா, பதிவேட்டை நம்புங்கள். எண் மாறும்போது பழைய நிறுவனம் அதை விடுவிக்க வேண்டும். புதிய நிறுவனம் ஏற்க வேண்டும். மற்ற நிறுவனங்கள் எல்லாம், இனி அழைப்பை எங்கே அனுப்புவது என்று தங்கள் அட்டவணையைத் திருத்த வேண்டும். ஒரு நிறுவனத்து கைப்பேசியிலிருந்து மணி அடித்து, இன்னொன்றிலிருந்து அடிக்காமல் போயிருந்தால், கோளாறு பெரும்பாலும் மூன்றாவது படியில்தான்.

"இப்போது என்ன நிலை?" என்று கேட்டால் "முடிந்துவிட்டது" என்பார்கள். அதை வைத்து ஊறுகாய்தான் போடலாம். விண்ணப்பத்தின் முழு வரலாற்றையும் கேளுங்கள்: எந்த நேரத்தில், என்ன நிலைக்கு, யாரால் மாறியது, என்ன குறிப்பு எழுதப்பட்டது. புதிய நிறுவனம்தான் விண்ணப்பத்தை நடத்தியது, ஆகவே முதலில் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் 23-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். கடை நிறுவனமாகப் பதிவாகியிருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதுவரை தொலைபேசியில் சண்டை போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: லெனேசியாவில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். அமெரிக்க வாடிக்கையாளர்களின் எண்களை, பேண்ட்வித் என்ற தொலைபேசிச் சேவை நிறுவனம் வழியாக போர்ட்டிங் (எண் மாறாமல் நிறுவனம் மாற்றுவது) செய்கிறோம். எங்கள் திரையில் கடைசி நிலை மட்டுமே தெரிகிறது. "ஏன் இத்தனை நாள்?" என்று வாடிக்கையாளர் கேட்டால் விழிக்கிறோம். நிரல் வழியாகப் பழைய பதிவுகளை எடுக்க முடியுமா?
– வாசகர், லெனேசியா

பதில்: தாராளமாக எடுக்கலாம் தம்பி. அவர்களுடைய ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) முகவரியில் உங்கள் கணக்கு எண், அடுத்து 'போர்ட்இன்ஸ்', அடுத்து ஆர்டர் எண், கடைசியில் 'ஹிஸ்டரி' என்று வைத்து ஒரு 'கெட்' கோரிக்கை அனுப்பினால் எக்ஸ்எம்எல் வடிவில் வந்துவிடும். தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் வராது, ஆர்டர் எண்தான் வேண்டும். ரத்து செய்து மறுபடி விண்ணப்பித்திருந்தால் ஆர்டர் எண் இரண்டு, வரலாறும் இரண்டு. பாதிக் கதையை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் போகாதீர்கள்.

ஒவ்வொரு பதிவிலும் நான்கு தகவல்கள் இருக்கும்: நேரம், குறிப்பு, செய்தவர், நிலை. நேரத்தின் கடைசியில் இசட் எழுத்து நிற்கும், அதாவது உலகப் பொது நேரம். தென்னாப்பிரிக்காவில் நமக்கு வருடம் முழுவதும் இரண்டு மணி நேரம் கூட்டினால் போதும். நியூயார்க் வாடிக்கையாளருக்கோ கோடையில் நான்கு, குளிரில் ஐந்து கழிக்க வேண்டும். சேமிக்கும்போது வந்தபடியே சேமியுங்கள், மாற்றுவதைத் திரையில் காட்டும்போது செய்யுங்கள்.

பிறகு இடைவெளிகளைப் பாருங்கள். 'எக்ஸெப்ஷன்' நிலையிலிருந்து அடுத்த பதிவு வரை நான்கு நாள் என்றால், பழைய நிறுவனத்தில் உள்ள கணக்கு எண்ணோ பெயரோ விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாமல், திருத்தத்துக்காக யாரோ காத்திருந்தார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். பல நேரங்களில் அந்த 'யாரோ' கேள்வி கேட்கும் வாடிக்கையாளரேதான். 'எஃப்ஓசி', அதாவது பழைய நிறுவனத்தின் உறுதி, வந்துவிட்டால் மாற்றத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அதற்குப் பிந்திய காத்திருப்பு தாமதக் கணக்கில் சேராது.

நிலை மாறியதும் உங்கள் தரவுத்தளத்தில் பழையதை அழித்துப் புதியதை எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு மாற்றமும் புதிய வரியாகச் சேரட்டும். அலுவலகமே ஒரே கடவுச்சொல்லில் உள்ளே போகும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், இல்லையென்றால் 'செய்தவர்' பத்தியில் எல்லா இடத்திலும் உங்கள் பெயரே இருக்கும். குறிப்புகளில் வாடிக்கையாளரின் கணக்கு எண், ரகசிய எண் கலந்திருக்கக்கூடும். மின்னஞ்சலில் அனுப்புமுன் அவற்றை மறையுங்கள்.

கேள்வி: அம்மாவின் கைப்பேசி எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கோரிக்கை வந்ததாகக் குறுஞ்செய்தி. நாங்கள் யாரும் கேட்கவில்லை. பழைய பதிவுகளைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, டோங்காட்

பதில்: ஆளைப் பிறகு தேடலாம். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு நிறுவனத்தை அழைத்து "நாங்கள் கேட்கவில்லை, நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். அடுத்த அழைப்பு வங்கிக்கு: அந்த எண்ணுக்கு ஒருமுறைக் கடவுச்சொல் எதுவும் போகக் கூடாது. பிறகு போலீஸ் நிலையத்தில் வழக்கு எண் வாங்கி, அதைக் குறிப்பிட்டு இரு நிறுவனங்களிடமும் வரலாற்றைக் கேளுங்கள். கோரிக்கை எப்போது, எந்த வழியாகப் பதிவானது என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.