உப்புக் காற்றில் ஒரு பக்க ஸ்பீக்கர்: ஆடியோ கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடலோர ஊர்களிலிருந்துதான். கேள்விகள் வேறு வேறாக இருந்தாலும் படிக்கும்போதே எனக்கு மூக்கில் உப்பு வாசம் அடித்தது. செட்டைக் கழற்றி மேசையில் பரப்புவதற்கு முன்னால் பின்னையும் வயரையும் பாருங்கள் என்று பலருக்கும் ஒரே பதிலைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அண்ணே, என் ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் மட்டும் சத்தம் போய்ப் போய் வருகிறது. வால்யூமைக் கூட்டினால் திடீரென்று சரியாகிவிடும், குறைத்தால் மறுபடி செத்துவிடும். கடையில் போர்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றட்டுமா? – வாசகர், பாம்பன்

பொறுங்கள் தம்பி. செட்டை அணைத்துவிட்டு, பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் வயர்களை இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிக் கொடுத்துப் போட்டுப் பாருங்கள். கோளாறு அதே பாக்ஸில்தான் இருக்கிறது என்றால் அந்த பாக்ஸிலோ அதன் வயரிலோ குறை. அடுத்த பாக்ஸுக்குத் தாவினால் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முன்னாலோ. வயரைப் பழையபடி போட்டுவிட்டு, அடுத்து ஆர்சிஏ பின்களை (பாட்டு வருகிற கருவியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வருகிற இடது, வலது பின்கள்) இதே மாதிரி மாற்றுங்கள். இப்போது தாவினால் குறை பாட்டு வருகிற கருவியிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது, தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில்தான். காசு செலவில்லை, ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

ஆனால் நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் (சின்ன சத்தத்தில் இல்லை, பெரிய சத்தத்தில் வருகிறது) எனக்கு ரிலே மேல்தான் சந்தேகம். ஆன் செய்து சில விநாடி கழித்து உள்ளே ‘டக்’ என்று கேட்குமே, ஸ்பீக்கரை இணைத்துவிடுகிற அந்தச் சின்ன மின் சுவிட்ச்தான். அதன் முனைகளில் படலம் படிந்துவிட்டால் குறைந்த சிக்னல் அதைத் தாண்டி வராது, சத்தம் கூடும்போது படலத்தை உடைத்துக்கொண்டு வந்துவிடும். ஸ்பீக்கர் ஏ, பி என்று முன்னால் பட்டன் இருந்தால் அதற்கும் இதே வியாதி வரும், செட்டை அணைத்து வைத்துக்கொண்டு அதை நிறைய தடவை அழுத்தி விட்டாலே சில சமயம் சரியாகிவிடும். ரிலே என்றால் புதிதாக மாற்றிவிடுங்கள், போர்டு விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்க விடாதீர்கள், முனையில் இருக்கிற பூச்சு போய்விட்டால் அடுத்த கச்சான் காற்றுக்கு மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான்.

வால்யூமைத் திருப்பும்போது கரகர என்றால் அது வேறு கதை, கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நன்றாகத் திருப்பல், முடிந்தது. தேங்காயெண்ணெய் விட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் சாமி.

அப்புறம் ஸ்பீக்கர் வயரின் முனையைப் பாருங்கள். உங்கள் ஊரில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்து, பிளாஸ்டிக்குக்கு உள்ளேயும் கொஞ்ச தூரம் கறுத்திருக்கும். முனையை மட்டும் சுரண்டினால் போதாது, பளபளவென்று செம்பு தெரிகிற இடம் வரை வெட்டித் தள்ளிவிட்டுப் புதிதாகச் சீவி, ஈயம் வைத்து மாட்டுங்கள்.

செட்டாப் பாக்ஸை ஆம்ப்ளிஃபயரில் இணைத்ததிலிருந்து ‘உம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சல். பிளக்கின் மூன்றாவது (எர்த்) பின்னை உடைத்துவிட்டால் போய்விடும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். செய்யலாமா சார்? – வாசகர், உச்சிப்புளி

செய்யவே கூடாது. இரைச்சல் போகும், உண்மைதான், கூடவே உங்கள் பாதுகாப்பும் போகும். ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு எர்த் ஒன்று, கேபிள்காரர் வயரின் மேலுறை வழியாக எங்கோ இன்னொரு எர்த், இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற மின்சாரம்தான் உங்களுக்கு 50 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 50 அதிர்வு) பாடுகிறது. செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கிற கேபிள் வயரை மட்டும் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் நான் சொன்னதுதான், அந்த வயரில் மாட்டுகிற, எர்த் தொடர்பை மட்டும் பிரித்துவிடுகிற ஐசொலேட்டர் வாங்கிப் போடுங்கள், எல்லாக் கருவியையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள். மணல் தரையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் அதையும் கவனியுங்கள்.

எதையுமே இணைக்காமல், வால்யூம் சுழியத்தில் இருக்கும்போதும் இரைச்சல் வந்தால் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டர் வறண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரைச்சல் 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். அதை நீங்களே தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

என் வாப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த ரெக்கார்டு பிளேயர் பரணில் கிடந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டினேன். ஓடுகிறது, ஆனால் பாட்டு இழுத்து இழுத்து, பெண் குரல்கூட ஆண் குரல் மாதிரி கேட்கிறது. பெல்ட் மாற்றியும் அப்படியேதான். – வாசகி, கீழக்கரை

பெல்ட்டின் மேல் தப்பில்லை அக்கா. சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. உங்கள் பிளேயரில் இருப்பது ஹெர்ட்ஸைப் பார்த்து ஓடுகிற சிங்க்ரனஸ் மோட்டாராக இருக்க வேண்டும். 6 பங்கு ஓட வேண்டியது 5 பங்கு ஓடுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28-க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், 3 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 36 விநாடி ஓடும், 5 கட்டையில் பாடியவர் 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 28 வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மருந்து, மோட்டார் தண்டில் இருக்கிற சின்னக் கப்பி. 60 ஹெர்ட்ஸ் கப்பி 5 பங்கு பருமன் என்றால் 50 ஹெர்ட்ஸுக்கான கப்பி 6 பங்கு பருமன். சில மாடல்களில் இரண்டையும் பெட்டியிலேயே கொடுத்திருப்பார்கள், பரணில் அந்த அட்டைப் பெட்டி இன்னும் இருந்தால் தூக்கிப் போடாமல் முதலில் துழாவுங்கள். இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையில் பழைய கப்பியைக் காட்டி, அளவு சொல்லிக் கடைந்து வாங்கலாம். மோட்டார் டிசி வகையாக இருந்தால் இந்த வேலையெல்லாம் இல்லை, வேகத்தைச் சரிசெய்கிற திருகு அடியில் இருக்கும்.

ராத்திரி எல்லாம் அமைதியானதும் ஸ்பீக்கரில் மெல்லிசாக இலங்கை ரேடியோ கேட்கிறது. என்னிடம் ரேடியோவே இல்லை! – வாசகர், ராமேசுவரம்

பேய் இல்லை, பயப்படாதீர்கள். மீடியம் வேவ் அலைக்கு உப்புத் தண்ணீர் நல்ல பாதை, இரவில் வானத்திலிருந்தும் திரும்பி வரும். நீளமான ஸ்பீக்கர் வயர் அதற்கு ஏரியல். களிம்பு பிடித்த ஓர் இணைப்பு, அந்தக் காலத்து கிரிஸ்டல் ரேடியோவின் படிகம் செய்த வேலையைச் செய்து, அலையைப் பேச்சாக்கிக் கொடுத்துவிடுகிறது. எல்லாப் பின்னையும் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து இறுக்கி மாட்டுங்கள், மிச்ச வயரைச் சுருட்டி வைக்காமல் வெட்டிவிடுங்கள், அப்படியும் கேட்டால் வயரில் ரேடியோ அலையைத் தடுக்கிற ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்கலாமா? – வாசகி, தேவிபட்டினம்

வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்றுவிடும். பருத்தித் துணி போதும், ஓடும்போது அதையும் எடுத்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரமாவது செட்டை ஓட விடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும்.