ரோட்ஸில் அந்தச் சிலை இன்னும் நிற்கிறதா?

கேள்வி: மகன் கிரீஸ் போகிறான், ரோட்ஸ் தீவில் இரண்டே நாள்தானாம். பழைய உலக அதிசயங்களில் ஒன்றான அந்தப் பெரிய கொலோசஸ் சிலை இன்னும் இருக்கிறதா? வேறென்ன பார்க்கலாம்?
- வாசகி, மயிலாப்பூர்

பதில்: சிலை போய் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறதம்மா! கி.மு. 226 வாக்கில் வந்த நிலநடுக்கத்தில் முழங்காலோடு முறிந்து விழுந்துவிட்டது. துறைமுகத்துக்கு இருபுறமும் கால் வைத்து நிற்கிற படமெல்லாம் பிற்காலக் கற்பனை.

பழைய நகரத்துக்கே ஒரு நாள் முழுக்க வைக்கச் சொல்லுங்கள். நம் ஜார்ஜ் கோட்டை மாதிரி பாதுகாப்புச் சோதனையும் அரசு அலுவலகமுமாக இருக்காது, மதிலுக்குள்ளே இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். வீரர்கள் தெரு என்று ஒன்று, 1522 முற்றுகையில் துருக்கி சுல்தான் சுலைமானிடம் தோற்கும்வரை தீவை ஆண்ட சிலுவைப்போர் வீரர்கள் மொழிவாரியாகப் பிரிந்து தங்கிய விடுதிகள் அதில் வரிசையாக நிற்கும், வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கிய சின்னங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். தெருக்கோடியில் உள்ள அரண்மனை 1856-இல் வெடிவிபத்தில் நொறுங்கியது, பிற்பாடு தீவை ஆண்ட இத்தாலியர்கள் 1930-களில் கட்டியதுதான் இப்போது இருப்பது, எனக்கு அது கொஞ்சம் சினிமா செட் போலத்தான்.

அப்புறம், தரையெல்லாம் கூழாங்கல். நல்ல ஷூ முக்கியம்.