முகநூல் பதிவுக்கு வந்த காரணம் கேட்கும் கடிதம்

தம்பி, சம்பளத் தாமதத்தைப் பற்றி முகநூலில் எழுதியதற்குச் செம்பனை ஆலையில் காரணம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்கள், பதிவை அழித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் அது இந்நேரம் பத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவைச் சுற்றி மேனேஜர் கைப்பேசிக்குப் போயிருக்கும். முதலில் தேதி தெரிய, கீழே வந்த கருத்துகளோடு படமெடுத்து வையுங்கள், அப்புறம் அழித்துவிடுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும் என்பது மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே இருக்கிறது, அதனால் அந்தப் பகுதிக்குச் சம்பளச் சீட்டே பதில் சொல்லும். மண்டோரை, அதாவது மேற்பார்வையாளரை, பேர் சொல்லித் திருடன் என்றீர்களே, வம்பு அதுதான், அதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்து எழுதுங்கள். எவ்வளவு நயமாகப் பேசினாலும் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணைக்காக நிறுத்திவைத்தால் இரண்டு வாரத்துக்குமேல் கூடாது, அரைச் சம்பளமாவது தரவேண்டும். நீக்கியே விட்டால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் புகார் கொடுத்துவிடுங்கள்.