போலிஷ் மொழியில் 'வொயெவோதா' என்றால் என்ன?

வொயெவோதா என்றால் ஆளுநர்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் சொல் பிறந்தது போர்க்களத்தில். பழைய ஸ்லாவிய மொழியில் 'வொய்' என்றால் போர்வீரன், பின்பாதி 'நடத்திச் செல்' என்ற வினையிலிருந்து வந்தது. ஆக, படையை நடத்துபவன், நம் படைத்தலைவன் மாதிரியே. (போலிஷில் 'வோதா' என்றால் தண்ணீர், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஜெர்மனில் பிரபுப் பட்டமான 'ஹெர்ட்சோக்' என்ற சொல்லும் இதே படை, நடத்துபவன் என்ற இரண்டு துண்டுகள் ஒட்டிப் பிறந்ததுதான். அப்புறம் போலந்தில் படைத்தலைவர் கைக்கு வட்டார நிர்வாகமும் வந்தது, அவர் பொறுப்பிலிருந்த பகுதி 'வொயெவுட்ஸ்த்வோ' ஆனது. 1999 முதல் அங்கே 16 மாகாணங்கள். ஒவ்வொன்றுக்கும் வொயெவோதாவை நியமிப்பவர் பிரதமர்.