பித்தப்பைல கல் இருக்கு, எடை குறைக்கிற ஊசி போட்டுக்கலாமா?

ஸ்கேன்ல பித்தப்பைல கல்லுன்னு வந்திருக்கு, வலி எதுவும் இல்ல, சுகர் டாக்டர் வெகோவி இல்லன்னா மௌஞ்சாரோ ஆரம்பிக்கலாம்னு சொல்றார், போடலாமான்னு கேட்டிருக்கீங்க. கல் இருக்குங்கற ஒரே காரணத்துக்காக போடவே கூடாதுன்னு கிடையாதுங்க. ஆனா பித்தப்பை வலி, அதாவது வலது விலா எலும்புக்குக் கீழ பிடிக்கற வலி, இதுவரைக்கும் ஒரு தடவையாவது வந்து போயிருக்கான்னு நல்லா யோசிச்சுப் பாருங்க, முடிவே அதுலதான் இருக்கு. நான் டாக்டர் இல்ல, எங்க அக்கா இதே நிலைமைல இருந்தாங்க, அவங்க கூடவே ஓபில உட்கார்ந்து கேட்டதையும் அப்புறம் தேடிப் படிச்சதையும் வச்சு எழுதறேன்.

வெகோவில இருக்கற செமாக்ளூடைட், மௌஞ்சாரோல இருக்கற டிர்செபடைட் மாதிரி மருந்தெல்லாம் பசியை அடக்கறதோட பித்தப்பை சுருங்கறதையும் மந்தமாக்கும். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி பித்தத்தை குடலுக்குத் தள்ளணும், தள்ளலேன்னா அது அங்கேயே தேங்கி கெட்டியாகும். அதே நேரம் உடம்புக் கொழுப்பு வேகமா கரையறப்ப கல்லீரல் கொலஸ்ட்ராலை பித்தத்துல அதிகமா விடும், ரெண்டும் சேர்ந்தா புதுசா கல் உருவாகலாம், ஏற்கனவே சும்மா கிடந்த கல்லும் தொல்லை குடுக்க ஆரம்பிக்கலாம். ஊசியே போடாம பட்டினி கிடந்து இளைக்கறவங்களுக்கும், எடை குறைக்கற ஆபரேஷன் (பேரியாட்ரிக் சர்ஜரி) பண்ணவங்களுக்கும் கல் வர்றது இதனாலதான். வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல தொடர்ந்து குறைஞ்சா ரிஸ்க் ஏறும்.

எவ்வளவு ரிஸ்க்குன்னா, 2022ல ஜாமா இன்டர்னல் மெடிசின்ங்கற மருத்துவ இதழ்ல இந்த வகை மருந்து பத்தின 76 ஆய்வுகளை சேர்த்துப் பார்த்தாங்க, எடை குறைக்கறதுக்காக போட்டவங்களுக்கு பித்தப்பை, பித்தநாளப் பிரச்னை ரெண்டு மடங்குக்கு மேல வந்திருக்கு. கேட்டா பகீர்னு இருக்கும், ஆனா சுகருக்காக போட்டவங்களையும் சேர்த்து மொத்தமா பார்த்தா வருஷத்துக்கு பத்தாயிரம் பேர்ல கூடுதலா 27 பேருக்குத்தான். ஆனா இது கல் இருக்கறவங்களை மட்டும் வச்சு எடுத்த கணக்கு இல்ல, அதனால இதை நம்பி நீங்க நிம்மதியாவும் இருந்துட முடியாது.

உங்க ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்க. அக்கா ரிப்போர்ட்ல 'மல்டிபிள் கால்குலை, லார்ஜஸ்ட் 9 எம்எம், வால் திக்னஸ் நார்மல், சிபிடி நாட் டைலேட்டட்'னு இருந்துச்சு, அதாவது கல் நிறைய இருக்கு, பெரிசு 9 எம்எம், பித்தப்பை சுவர் தடிக்கல, பித்தநாளம் (சிபிடி) வீங்கல. நாங்க எல்லாரும் அந்த 9 எம்எம்மையே பிடிச்சுக்கிட்டு பயந்தோம், டாக்டர் கடைசி ரெண்டு வரியைத்தான் பார்த்தார். பித்தப்பை சுவர் தடிச்சிருக்கா, பித்தநாளம் வீங்கியிருக்கா, அதுதான் முக்கியமாம், சின்னக் கல்தான் நழுவிப் போய் நாளத்தை அடைச்சு கணையத்தை வீங்க வைக்கும்னார். வலி வந்து போயிருந்தாலோ இந்த ரெண்டு வரில கோளாறு இருந்தாலோ ஊசிக்கு முன்னாடி சர்ஜனைப் பாருங்க. பித்தப்பையை எடுத்துட்டு அப்புறம் ஊசி போட்டுக்கறவங்க இருக்காங்க.

வலியே இல்லாதவங்கன்னா சின்ன டோஸ்ல ஆரம்பிச்சு மெதுவா போகலாம். வெகோவி 0.25 மி.கி.ல தொடங்கி நாலு வாரத்துக்கு ஒரு படியா ஏத்துவாங்க, எடை நல்லா குறைஞ்சுகிட்டு இருந்தா அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம்னு நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க. உர்சோ மாத்திரை வேணுமான்னும் கேளுங்க, எடை வேகமா குறையறப்ப கொலஸ்ட்ரால் கல் புதுசா வராம தடுக்க குடுப்பாங்க. நம்ம தென்னிந்தியப் பக்கம் பித்த நிறமியால உருவாகற பிக்மென்ட் கல்லும் நிறைய, அதை உர்சோ கரைக்காது.

அப்புறம் சாப்பாடு. கல் இருக்குன்னதும் எண்ணெயே தொடக்கூடாதுன்னு வீட்ல ஆரம்பிச்சுடுவாங்க, ஊசில பசியும் இருக்காது, காலைல காபி ராத்திரி ரெண்டு இட்லின்னு ஓட்டுவாங்க. ஆனா கொழுப்பே உள்ள போகலேன்னா பித்தப்பை சரியா சுருங்காது! பொரிச்சதை விடுங்க, தாளிக்கற எண்ணெய், ரெண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இதை விடாதீங்க, வேளை தப்பாம சாப்பிடுங்க.

இதெல்லாம் பண்ணியும் அக்காவுக்கு ஒருநாள் ராத்திரி வலது விலா எலும்புக்குக் கீழ பிடிச்சது, தோள்பட்டை வரைக்கும் இழுத்துச்சு. கேஸுன்னு ஓம வாட்டர் குடுத்தாங்க அம்மா, ஊசியோட சைட் எஃபெக்ட்டா இருக்கும்னு அக்காவே சொன்னாங்க, இந்த மருந்துல குமட்டல் வாந்தி சகஜம்ங்கறதால எல்லாத்தையும் அது தலைல போட்டுடறோம், எனக்கு பயமே இதுலதான். நல்லவேளை மாமா கேக்காம கூட்டிட்டுப் போனார், பித்தப்பை வீங்கியிருந்தது, லேப்ரோஸ்கோப்பில எடுத்தாங்க. அரை மணி நேரத்துக்கு மேல விடாத வலி, காய்ச்சல், கண்ணு மஞ்சள், யூரின் டீ டிகாக்ஷன் மாதிரி போறது, முதுகுக்கு ஊடுருவற வலியோட வாந்தி, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, அடுத்த ஊசியைப் போடாம எமர்ஜென்சிக்குப் போய் ஸ்கேனும், கணையம் வீங்கியிருக்கான்னு பாக்கற லிபேஸ் ரத்த டெஸ்ட்டும் பாருங்க. ஆபரேஷன்னு ஆச்சுன்னா மயக்க டாக்டர்கிட்ட கடைசி ஊசி என்னைக்குப் போட்டீங்கன்னு அவர் கேக்கலேன்னாலும் சொல்லிடுங்க, வயிறு மெதுவா காலியாகறதால பட்டினி இருந்தும் உள்ள சாப்பாடு மிச்சம் இருக்கலாம், மயக்கத்துல அது நுரையீரலுக்குப் போயிடலாம்.