நாரிஸ் ரேஞ்சர் ஸ்டேஷன் நிஜமாவே பழசுதானா? – கடிதம்

அண்ணா வணக்கம்,

ஜூலைல குடும்பத்தோட அமெரிக்கால யெல்லோஸ்டோன் நேஷனல் பார்க் போயிருந்தோம். அங்க நாரிஸ்ங்கிற இடத்துல இருக்கிற ரேஞ்சர் (பார்க் காவலர்) மியூசியம், அந்த மரவீடு, பாத்தேன். 1908ல கட்டினதுன்னு சொல்றாங்க, ஆனா 1959 நிலநடுக்கத்துல அடிவாங்கி 1991லதான் சரிபண்ணாங்களாம். அதுவும் முதல்ல ஆர்மி ஸ்டேஷனாமே. அப்புறம் எப்படி இத பழைய ரேஞ்சர் ஸ்டேஷன்னு சொல்றாங்க? கொஞ்சம் ஏமாத்துற மாதிரி இல்லயா?

ஒரு வாசகர்

வணக்கம் தம்பி,

ஏமாத்து எல்லாம் இல்ல. ஆர்மி ஸ்டேஷன்ங்கிறதாலதான் அது அவ்ளோ முக்கியமான இடமே. பார்க்குன்னு 1872லயே அறிவிச்சுட்டாங்க, ஆனா காவலுக்கு ஒழுங்கா ஆளும் கிடையாது பணமும் கிடையாது, வேட்டைக்காரங்க இஷ்டத்துக்கு சுட்டுட்டு இருந்தாங்க, அதனாலதான் 1886ல குதிரைப்படைய கொண்டுவந்து இறக்கினாங்க. பனிகாலத்துல அந்த சிப்பாய்ங்க நீளமான மரப்பலகை ஸ்கீ மாட்டிக்கிட்டு ஒரு கேபின்ல இருந்து அடுத்த கேபினுக்கு ரோந்து போவாங்க, உள்ள போனா ஒரு அடுப்பு, கொஞ்சம் சாப்பாடு, அவ்ளோதான். 1894 மார்ச்ல எட்கர் ஹோவெல்னு ஒருத்தன் பெலிகன் பள்ளத்தாக்குல காட்டெருமைய சுட்டு தோலுரிச்சுட்டு இருக்கும்போதே கையும் களவுமா மாட்டினான். பிடிச்சு என்ன பண்றது, அன்னிக்கு சட்டத்துல பார்க்க விட்டு வெளிய துரத்துறத தவிர தண்டனையே இல்ல! அந்த கொதிப்புலதான் அதே வருஷம் மே மாசம் லேசி சட்டம் வந்துச்சு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ஆயிரம் டாலர் வரைக்கும் அபராதம். இன்னிக்கு நீங்க ரோட்டோரமா நின்னு போட்டோ எடுக்கிற காட்டெருமைக்கு பின்னாடி இவ்ளோ இருக்கு.

1916ல பார்க்குகள பாத்துக்கிற அரசு துறையான நேஷனல் பார்க் சர்வீஸ் ஆரம்பிச்சப்போ முதல் ரேஞ்சர்ல பல பேரு ஆர்மில இருந்து விடுவிச்சு எடுத்த ஆளுங்கதான். 1918ல ஆர்மி மொத்தமா கிளம்பிருச்சு, அப்புறம் ரேஞ்சருங்க அதே நாரிஸ் ஸ்டேஷன்ல தங்கி அதே காவல் வேலையத்தான் பாத்தாங்க, 1959 வரைக்கும். ரேஞ்சர் தலைல பாத்திருப்பீங்களே அந்த தட்டையான தொப்பி, அதுவே ஆர்மி தொப்பில இருந்து வந்ததுதான். அதனால ஆர்மி வேற ரேஞ்சர் வேறன்னு அந்த வீட்ட ரெண்டா பிரிக்க முடியாது.

சரிபண்ணத பத்தி கேட்டீங்க. முழு மரத்த அடுக்கி கட்டுற வீட்டுல மூலைல ஒரு மரத்து மேல இன்னொரு மரம், வெட்டின பள்ளத்துல (காடி) உக்காந்திருக்கும். பனி தேங்கி தண்ணி தெறிச்சு கீழ் வரிசைதான் முதல்ல உளுத்துப்போகும், அத உருவிட்டு வேற மரம் சொருகுறது இந்த மாதிரி வீட்டுக்கு எப்பவுமே உள்ள பராமரிப்பு. சரிபண்ணாம விட்டிருந்தா அந்த இடத்துல புல்லுதான் இருந்திருக்கும், அதுக்கு இது ஆயிரம் மடங்கு மேல்னு நான் அடிச்சு சொல்வேன்.

இன்னொரு தடவ போனா முன்வாசல் திண்ணைல பத்து நிமிஷமாவது உக்காருங்க. கோடைல மட்டும்தான் திறந்திருக்கும், உள்ள பெரும்பாலும் ரிட்டயர் ஆன பார்க் சர்வீஸ்காரங்கதான் வாலண்டியரா இருப்பாங்க. பனிகால ரோந்து பத்தி அவங்ககிட்ட கேளுங்க.